முந்தானையில் இல்லாத பெயர்

கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் கிளம்பும் குடும்பத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீங்களே அந்தக் குடும்பமாக இருந்தும் இருப்பீர்கள். ஜவுளிக் கடையில் போய் உட்கார்ந்ததுமே கேள்விகள் ஆரம்பமாகிவிடும். ஜரிகை அசல்தானா? சாயம் நிற்குமா? இதே கரையில் அரக்குக் கிடைக்குமா? மாங்காய் இன்னும் கொஞ்சம் சின்னதாக இருந்தால் தேவலையே? விலையில் ஏதாவது குறைத்துக் கொள்ளக் கூடாதா? பெண்ணின் தாயார் ஒரு கேள்வி கேட்டால், அத்தை ஒன்பது கேள்வி கேட்பாள். கடைக்காரரும் சளைக்காமல் பதில் சொல்லுவார்.

இத்தனை கேள்வி கேட்கிற நாம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. "இதை நெய்தது யார்?"

பெட்டியில் கடையின் பெயர் இருக்கிறது. பையிலும் அதே பெயர்தான். ரசீதில் நம்முடைய பெயர் இருக்கிறது. புடவைக்குக் கூட வைர ஊசி, முத்துக் கட்டம் என்று பெயர் உண்டு. பத்துப் பதினைந்து நாள் குழித்தறியில் கால் தொங்கவிட்டுக் குனிந்தபடி அதை இழை இழையாய் உண்டாக்கிய ஆளுக்கு மட்டும் அந்தப் பெட்டியில் இடமில்லை.

ஆரணிக்குப் பக்கத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது சேவூர். ஆரணி என்றால் சிலருக்கு அரிசி ஞாபகம் வரும். நம்மைப் போன்றவர்களுக்குப் பட்டுத்தான் ஞாபகம் வரும். காஞ்சிபுரம் கனம், ஆரணி லேசு என்று சொல்லிக் கொண்டே, "நாள் கிழமைக்குக் கட்டிக்கொண்டு அடுப்பங்கரையில் வேலையும் செய்யலாம்" என்று ஆரணிப் பட்டை விரும்பி வாங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பட்டு பிறக்கிற ஊர்களில் சேவூரும் ஒன்று.

ஒரு புடவையில் எத்தனை பேருடைய கை பட்டிருக்கிறது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. பட்டை முறுக்கேற்ற ஒருவர், சாயம் தோய்க்க ஒருவர். பாவு ஓட்டி, அதை நீள விரித்து, அறுந்த இழைகளை முடிந்து சரிப்படுத்தச் சிலர். கட்டம் போட்ட காகிதத்தில் மயிலும் அன்னமும் எழுத ஒருவர். அந்தப் படத்தைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போட இன்னொருவர். ராட்டினத்தின் முன் உட்கார்ந்து தார் சுற்ற ஒருத்தி. கடைசியில்தான் தறியில் உட்காருகிறவர் வருகிறார். இவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்த சமையல்தான் அந்த 5.5 மீட்டர் பட்டு. பந்தியில் பரிமாறினவருக்குப் பெயர், அடுப்படியில் வெந்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது என்றால் எப்படி?

அந்தக் கைகளில் பாதிக்கு மேல் வளையல் போட்ட கைகள் என்பதையும் மறக்க வேண்டாம். 2019-20-ல் எடுத்த அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் சுமார் 35 லட்சம் பேர் நெசவிலும் அதைச் சேர்ந்த வேலைகளிலும் இருப்பதாகத் தெரிந்தது. அவர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். அதாவது 25 லட்சத்துக்கும் அதிகமான சகோதரிகள்! இவர்களில் ஒருத்தியின் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் நிறையத் தெரியாது.

இந்த யோசனையை எனக்குள் கிளப்பியது பட்டு அல்ல. ஜப்பானியர்களின் வீடியோ கேம். எங்கேயோ கிடக்கிற சேவூருக்கும் ஜப்பான் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

அடுத்த வீட்டில் பாட்டியும் பேரனும் பேசிக் கொண்டது காதில் விழுந்தது. பையன் ஏதோ பழைய விளையாட்டைப் போட்டு ஆடிக் கொண்டிருந்தான். அதிலிருந்து வந்த பாட்டு பாட்டிக்குப் பிடித்துவிட்டது.

"ஏண்டா, மெட்டு நன்னா இருக்கே! யாருடா போட்டது?"

"தெரியாது, பாட்டி. கம்பெனி போட்டது."

"கம்பெனிக்குக் கையேது, காதேது? யாரோ ஒரு மனுஷாள்தானே போட்டிருப்பா?"

பாட்டி கேட்டது நல்ல கேள்வி. அதே கேள்வியைப் பல தேசங்களில் பல பேர் கேட்டுக் கொண்டு, வருஷக் கணக்காகத் தேடிக் கொண்டிருக்கிறார்கள். 1980-ஐ ஒட்டிய வருஷங்களில் ஜப்பானில் உண்டான விளையாட்டுக்களை உலகமே ஆடியது. ஆனால் அவற்றைச் செய்தவர் யார் என்று பெட்டியிலும் போடவில்லை. திரையிலும் பெரும்பாலும் காட்டவில்லை. காட்டினால் கூட அது புனைபெயராக இருந்தது.

ஒரு உதாரணம் பாருங்கள். ரத்தம் குடிக்கும் டிராகுலாப் பிரபுவை ஒரு வீரன் எதிர்க்கிற 'காஸில்வேனியா' என்ற விளையாட்டை, கொனாமி கம்பெனி 1986-ல் வெளியிட்டது. அதன் இசை இன்றைக்கும் கச்சேரிகளில் வாசிக்கப்படுகிறது. விளையாட்டின் முடிவில் வரும் பெயர்ப் பட்டியலில் இசை 'ஜேம்ஸ் பனானா' என்று இருக்கும். வாழைப்பழ ஜேம்ஸ்! பழைய டிராகுலாப் படத்துக்கு இசை அமைத்த ஜேம்ஸ் பெர்னார்டின் பெயரை வைத்துச் செய்த கேலி அது. உண்மையில் மெட்டுப் போட்டவர்களில் முக்கியமானவர் கினுயோ யமஷிதா என்ற பெண். அப்போதுதான் படிப்பை முடித்துக் கொண்டு வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஒரு பெண் பிள்ளை ஆணின் பெயரில், அதுவும் பழத்தின் பெயரில் மறைந்து போனார்.

அவர் ஒருவர் மட்டும்தானா? காப்காம் கம்பெனி 1987-ல் வெளியிட்ட 'மெகா மேன்' விளையாட்டுக்கு இசை அமைத்த மனாமி மத்சுமாயே, அதில் 'சன்சகோரின் மனாமி' ஆனார். ஸேகா கம்பெனியின் 'பேண்டஸி ஸ்டார்' விளையாட்டுக்குச் சித்திரங்கள் வரைந்த ரியேகோ கொடாமா, 'ஃபீனிக்ஸ் ரியே' ஆனார். கொனாமியின் 'கிரேடியஸ்' 1985-ல் வந்தபோது அதற்கு இசை அமைத்த மிகி ஹிகாஷினோ என்ற பெண் இன்னும் படிப்பையே முடிக்கவில்லை. அந்நாளைய விளையாட்டு இசையில் இத்தனை பெண்கள் இருந்தார்கள் என்பதே, பிற்பாடு தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் வெளியில் பலருக்கும் தெரிந்தது.

ஏன் இப்படி மறைத்தார்கள்? பொல்லாத்தனம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. அது ஒரு வியாபாரக் கணக்கு. நல்ல கைக்காரன் பெயர் வெளியே தெரிந்தால் எதிர்க் கம்பெனிக்காரன் கூடுதல் சம்பளம் கொடுத்து இழுத்துக் கொண்டு போய்விடுவான் என்ற பயம்தான். நல்ல சமையற்காரர் கிடைத்த வீட்டு அம்மாள், விருந்தாளியிடம் அவர் விலாசத்தைச் சொல்லாமல் மழுப்புவதில்லையா? அந்த மாதிரிதான். அம்மாளுக்கு விருந்து ருசித்தது. சமையற்காரருக்கு இன்னொரு வீட்டு வேலை கைநழுவிப் போயிற்று. பெயர் தெரிந்த கை கூலி பேசும். பெயர் தெரியாத கை கொடுத்ததை வாங்கிக் கொள்ளும். பெயர் விஷயம் வெறும் புகழ் விஷயம் அல்ல என்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் மனித மனம் லேசில் அடங்குமா? பெயர் போடக் கூடாது என்றால் எங்கேயாவது ஒளித்தாவது வைக்கும். அதிகப் புள்ளி எடுத்தவர்கள் பட்டியல் என்று ஆட்டத்தின் நடுவே ஒன்று வரும். யாரும் ஆடுவதற்கு முன்பே அதில் சில முதலெழுத்துக்கள் இருக்கும். அவற்றில் பல, செய்தவர்களின் சொந்த முதலெழுத்துக்கள்! அமெரிக்காவில் அடாரி கம்பெனியில் வேலை பார்த்த வாரன் ராபினெட் என்பவர், தாம் தனியாகச் செய்த 'அட்வென்ச்சர்' என்ற விளையாட்டுக்குள் ரகசியமாக ஓர் அறை கட்டினார். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியைக் கண்டு எடுத்துக் கொண்டு போனால்தான் உள்ளே நுழைய முடியும். நுழைந்தால், அங்கே அவர் பெயர் மின்னும். மேலதிகாரிகளுக்கே தெரியாமல் 1980-ல் கடைக்கு வந்துவிட்டது அந்த அறை!

ஜப்பானில் இன்னொரு விசித்திரம். நிண்டெண்டோ கம்பெனியின் 'டாங்கி காங்' 1981-ல் வந்தது. அதைக் கற்பனை செய்த ஷிகெரு மியாமோட்டோவின் பெயர் இன்று உலகப் பிரசித்தம். ஆனால் அந்தக் கற்பனையை யந்திரம் புரிந்து கொள்ளும்படி எழுதிக் கொடுத்தது இகெகாமி சுஷின்கி என்ற வேறொரு கம்பெனி. டெலிவிஷன் சாதனங்கள் செய்து வந்த கம்பெனி. விளையாட்டின் உட்குறிப்புகளை யாராவது பிரித்துப் படித்தால் கண்ணில் படட்டும் என்று, இகெகாமியின் பெயரையும் ஒரு சிறு செய்தியையும் உள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். பிறகு இரண்டு கம்பெனிகளுக்கும் வழக்கு மூண்டது. 1983-ல் தொடங்கி 1990-ல் சமரசத்தில் முடிந்தது. புடவை மடிப்புக்குள் நெய்தவன் ஒரு சீட்டு எழுதி வைத்த மாதிரிதான் இது!

கியோட்டோ நகரத்தில் டோஸே என்று ஒரு கம்பெனி உண்டு. 1979-ல் ஆரம்பித்தது. மற்றக் கம்பெனிகளுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுக்களைச் செய்து கொடுத்து, அநேகமாக எதிலும் தன் பெயர் போட்டுக் கொள்ளாமல் இருப்பதே அதன் தொழில். நம் ஊரில் பெரிய கடைக்குப் புடவை நெய்து கொடுக்கிற வீடுகளைப் போல என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

கியோட்டோ என்றதும் பட்டு ஞாபகம் வர வேண்டும். அங்கே நிஷிஜின் என்ற பேட்டை, ஜப்பானுக்குக் காஞ்சிபுரமும் ஆரணியும் சேர்ந்தாற்போல. 1872-ல் அந்தப் பேட்டையிலிருந்து மூன்று பேர் கடல் கடந்து பிரான்ஸில் லியான் நகரத்துக்குப் போனார்கள். அங்கே ஜோஸப் மாரி ஜக்கார்டு 1804-ல் உண்டாக்கிய தறியைக் கற்றுக் கொண்டு வரத்தான் போனார்கள். திரும்பி வருகையில் ஒருவர் கப்பல் விபத்தில் மாண்டார். மற்றவர்கள் மூலம் அட்டையும் தறியும் கியோட்டோ வந்து சேர்ந்தன. அதே நகரத்தில்தான் 1889-ல் சீட்டுக்கட்டு செய்யும் கடையாக நிண்டெண்டோவும் பிறந்தது.

சேவூரில் தறிக்கு மேலே ஒரு பெட்டியில் துளை போட்ட அட்டைகள் மாலை மாதிரிக் கோத்துத் தொங்குகின்றனவே, அதே ஜக்கார்டுதான். துளை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. உண்டு, இல்லை என்ற இரண்டே வார்த்தையில் மயில் தோகை விரிக்கிறது. அந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் சார்ல்ஸ் பாபேஜ் கணக்குப் போடும் ஒரு பெரிய யந்திரத்துக்குத் திட்டம் போட்டார். அதைப் பற்றி 1843-ல் நீண்ட குறிப்புக்கள் எழுதி, தறி பூவும் இலையும் நெய்வதோடு ஒப்பிட்டுக் காட்டியவர் ஏடா லவ்லேஸ் என்ற சீமாட்டி. கம்ப்யூட்டர் என்ற வஸ்து கண்ணில் தென்படுவதற்கு நூறு வருஷம் முன்பே அதற்கு வேலை சொல்லிக் கொடுக்க முயன்றவர் என்று இன்று அவரைக் கொண்டாடுகிறார்கள். அச்சான குறிப்புக்களின் கீழே அவர் போட்டது என்ன தெரியுமா? ஏ. ஏ. எல். என்று மூன்றே எழுத்து! முழுப் பெயர் இல்லை.

பார்த்தீர்களா? தறியில் ஆரம்பித்து, யந்திரத்துக்குப் போய், விளையாட்டுக்கு வந்தாலும், வழி நெடுக இந்தப் பெயர் மறைப்பு கூடவே வருகிறது. அதிலும் பெண்களின் பெயர் என்றால் இன்னும் லேசாக மறைந்துவிடுகிறது.

இங்கே சிலர் ஓர் ஆட்சேபம் சொல்லுவார்கள். "நம் தேசத்துப் பண்பே அதுதானே, அம்மா! சிற்பிகள் பெயர் போட்டுக் கொண்டார்களா? எல்லாம் ஈசுவரார்ப்பணம்" என்பார்கள். கேட்கப் பவித்திரமாக இருக்கிறது. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். 1010-ல் கட்டி முடித்த அந்தக் கோயிலின் கல்வெட்டில் பெருந்தச்சனுடைய பெயர் வெட்டியிருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். அதோடு போயிற்றா? கோயிலில் ஆட வந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு, என்ன பங்கு என்று கல்லில் எழுதி வைத்தான் ராஜராஜன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் 400 பெண்களின் பெயரை உளியால் செதுக்க முடிந்தது. இன்று ஒரு சின்ன அட்டையில் ஒரு பெண்ணின் பெயரை அச்சடிக்க முடியவில்லை என்றால், அதைப் பண்பாட்டின் தலையில் கட்டுவது நியாயமா?

தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரை ஏன் எழுதினார்கள் என்பதையும் கவனியுங்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய நெல்லுக்கு அது கணக்கு. பெயர் இருந்த இடத்தில் பங்கு இருந்தது.

சேவூர் போன்ற ஊர்களில் இதுதான் இன்றைய பிரச்னையும். கூலி புடவைக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. தறியில் உட்காருகிறவர் கையில் அது வருகிறது. விடியற்காலையில் எழுந்து தார் சுற்றிய மனைவியும், பள்ளிக்கூடம் போவதற்கு முன் இழை முடிந்த மகளும் பல வீடுகளில் அந்தக் கூலிக்குள்ளேயே அடக்கம். "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்று கேட்டால், "சும்மா வீட்டிலேதான் இருக்கேன், அவருக்குக் கூடமாட ஒத்தாசை" என்றுதான் அந்தச் சகோதரி பதில் சொல்லுகிறாள். நாமும் நம் வீட்டு வேலையைப் பற்றிக் கேட்டால் அதே பதிலைத்தானே சொல்லி வந்திருக்கிறோம்? நெசவாளர் அடையாள அட்டை, இன்ஷ்யூரன்ஸ், கடன், உதவித் தொகை எதுவானாலும் முதலில் கேட்பது பெயரைத்தான். ஒத்தாசைக்குப் பெயர் கிடையாது. பெயரும் மரியாதையும் இல்லாத தொழிலைத் தன் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்?

ஊருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. 1999-ம் வருஷத்துச் சட்டத்தின்படி ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வழங்கியிருக்கிறார்கள். வேறெங்கோ செய்ததை ஆரணிப் பட்டு என்று சொல்லி விற்க முடியாதபடி அது பாதுகாப்பு. பட்டு அசலா என்பதற்குச் சில்க் மார்க் இருக்கிறது. கைத்தறிதானா என்பதற்குக் கைத்தறி முத்திரை இருக்கிறது. எல்லாம் நல்ல காரியங்கள். ஊருக்கு முத்திரை, இழைக்கு முத்திரை, தறிக்கு முத்திரை. ஆளுக்குத்தான் பாக்கி.

அதுவும் நடக்காத காரியம் இல்லை. 1935-ல் தொடங்கிய நம்முடைய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம், சில வருஷங்களுக்கு முன்பு பட்டுப் புடவைகளோடு நெய்தவரின் பெயரும் படமும் உள்ள சீட்டை வைத்து விற்றது. புடவையைப் பிரிக்கிறபோது ஒரு முகம் நம்மைப் பார்க்கிறது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு, "இருநூறு ரூபாய் குறைக்கக் கூடாதா?" என்று கேட்க நாக்கு கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கம் நல்லதுதான். அந்தச் சீட்டில் தார் சுற்றியவள் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்கினால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஜப்பான் விளையாட்டுக்களில் பெயர் தேடுகிறவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. செய்தவர்களுக்கு வயதாகிவிட்டது, பலர் காலமாகிவிட்டார்கள். ரியேகோ கொடாமா 2022 மே மாதத்தில் இறந்தார். அந்தச் செய்தி அக்டோபர் மாதம் வரை வெளியே தெரியவில்லை. ஸேகா கம்பெனி வெளியிட்ட ஒரு சாதனத்தின் பெயர்ப் பட்டியலில் அவருக்கு அஞ்சலி இருந்ததைப் பார்த்துத்தான் ரசிகர்கள் தெரிந்து கொண்டார்கள். ஒரு காலத்தில் புனைபெயரில் ஒளிந்திருந்தவரின் சொந்தப் பெயரைத் திரையில் போட்டபோது, பார்க்க அவர் இல்லை. சேவூரில் அப்படியில்லை. நம் புடவைகளை நெய்தவர்களில் பலர் இன்று தறியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். போய்க் கேட்டால் பெயர் சொல்லுவார்கள்.

ஆகையால் சகோதரிகளே, அடுத்த தடவை பட்டு வாங்கும்போது, ஜரிகையும் சாயமும் விசாரித்து முடிந்ததும் அந்த இன்னொரு கேள்வியையும் கேட்டு வையுங்கள். "இதை நெய்தவர் யார்? எந்த ஊர்?" முதல் தடவை கடைக்காரர் திருதிருவென்று விழிப்பார். ஐந்தாவது ஆள் கேட்கும்போது, "விசாரித்துச் சொல்கிறேன்" என்பார். ஐம்பதாவது ஆள் கேட்கும்போது சீட்டு அச்சடித்து வைத்திருப்பார். வாங்க வருகிறவர்கள் கேட்பதைக் கடையில் வைக்காத வியாபாரி உண்டா?

ஆரணிப் பக்கம் போகிறவர்கள் சேவூரில் ஒரு நெசவாளர் வீட்டுக்கோ, கூட்டுறவுச் சங்கத்துக்கோ போய் வாருங்கள். தறியில் இருப்பவரிடம் பெயர் கேளுங்கள். ராட்டினத்தின் முன் இருக்கிறவளிடமும் மறக்காமல் கேளுங்கள். "என் பெயர் எதுக்கு அக்கா?" என்று அவள் சிரிப்பாள். விடாதீர்கள். கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, தேதியும் போட்டுப் புடவைப் பெட்டிக்குள் வையுங்கள். நாளைக்கு உங்கள் பேத்தி அந்தப் புடவையை எடுத்துக் கட்டிக் கொள்ளும்போது, பாட்டியின் பெயரோடு இன்னொரு பாட்டியின் பெயரும் அவளுக்குத் தெரியட்டும்.